அது சம்பளப் பிடித்தம் இல்லை டீச்சர், கடன்

உசிலம்பட்டி பக்கம் ஒரு மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியை எழுதியிருக்கிறார். எம்.ஏ. பொருளாதாரம், பி.எட். வயது 36. அந்தப் பள்ளியில் ஆறு வருடம் முடிந்துவிட்டது. 11, 12-க்குப் பொருளாதாரம், ஆள் பற்றாததால் 9, 10-க்குச் சமூக அறிவியலும் எடுக்கிறார். சம்பளம் 16,500 ரூபாய். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கடிதத்தின் சாரம் இது. ஜூன் மாதம் நிர்வாகம் எல்லா ஆசிரியர்களையும் கூட்டி, ஒரு தனியார் நிறுவனம் நடத்தும் ஆன்லைன் ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தே ஆகவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. "வருஷத்துக்கு 50 மணி நேரம் பயிற்சி எடுக்கணும்னு மத்திய அரசு சட்டம்" என்பது அவர்கள் சொன்ன காரணம். கட்டணம் 18,000 ரூபாய், மாதம் 1,500 வீதம் 12 தவணை. வகுப்பு வாரத்தில் மூன்று நாள், இரவு 8 முதல் 10 வரை, கேமராவை அணைக்கக்கூடாது. நான்கு வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஸ்லைடு எப்படி அழகாகப் போடுவது, மாணவரை எப்படி ஊக்குவிப்பது என்றே மூன்று மாதமாக ஓடுகிறதாம், பொருளாதாரம் என்ற வார்த்தையே வரவில்லையாம். இப்போது புதிதாக, பயிற்சி முடித்தவர்கள் இரண்டு வருடம் பள்ளியை விட்டுப் போகக்கூடாது, போனால் 50,000 ரூபாய் கட்டவேண்டும் என்று முத்திரைத்தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். ஒரிஜினல் சான்றிதழ்கள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பள்ளி பீரோவில் இருக்கின்றன. லேபர் கோர்ட்டுக்குப் போகலாமா, இந்தப் பயிற்சிச் சான்றிதழ் ஆசிரியர் தேர்வு வாரியத் (டி.ஆர்.பி.) தேர்வுக்கு உதவுமா, பேசாமல் ராஜினாமா செய்துவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள் டீச்சர்: "சேரும்போது போனில் ஒரு லிங்க் வந்தது, ஆதார் ஓ.டி.பி. கேட்டார்கள், கொடுத்தேன். மாதம் 5-ம் தேதி என் கணக்கிலிருந்து 1,500 போய்விடுகிறது." உங்கள் கடிதத்திலேயே அவசரமான விஷயம் இதுதான், அதனால் இங்கிருந்து ஆரம்பிக்கிறேன்.

அந்த 1,500 ரூபாய்

பள்ளி உங்கள் சம்பளத்தில் பிடிக்கிறது என்று கடிதம் முழுக்க எழுதுகிறீர்கள். ஆனால் நீங்களே சொல்லும் விவரப்படி சம்பளம் முழுதாக உங்கள் கணக்கில் விழுகிறது, அப்புறம் வங்கியிலிருந்து தானாகப் பணம் எடுக்கப்படுகிறது. ஆதார் ஓ.டி.பி.யும் கேட்டிருக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் நடந்திருப்பது இதுதான்: ஒரு கடன் நிறுவனம் உங்கள் பெயரில் கடன் கொடுத்து, 18,000 ரூபாயையும் பயிற்சி நிறுவனத்துக்கு மொத்தமாகக் கட்டிவிட்டது, நீங்கள் அந்தக் கடனை மாதாமாதம் அடைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 'வட்டியில்லாத் தவணை' என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வட்டி இல்லாவிட்டாலும் கடன் கடன்தான். பள்ளி இதில் கையெழுத்தே போடவில்லை. நாளைக்கு அந்தப் பயிற்சி நிறுவனம் கடையை மூடிவிட்டுப் போனாலும் தவணை உங்கள் கணக்கிலிருந்துதான் போகும்.

ஆகவே முதலில் இது கடன்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வங்கிக் கணக்கு அறிக்கையில் அந்த 1,500-க்கு எதிரே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும், அதை எடுத்தால் உங்கள் பெயரில் என்னென்ன கடன் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கடன் என்றால், கடன் ஒப்பந்தத்தையும் கட்டண விவரங்கள் அடங்கிய முக்கியத் தகவல் அறிக்கையையும் கேட்டு அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். செயலி வழியாகக் கொடுக்கப்படும் கடன்களில் இந்த அறிக்கையைக் கொடுத்தே ஆகவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. சேர்ந்த கையோடு கடனைத் திருப்பிக் கொடுத்து விலகிக்கொள்ளக் குறுகிய அவகாசமும் அந்த விதிகளில் உண்டு, ஆனால் மூன்று மாதம் ஓடிவிட்டதால் உங்களுக்கு அந்த வாசல் மூடிவிட்டது.

கோபத்தில் கணக்கைக் காலி செய்து தவணையைத் திரும்ப விடாதீர்கள். பலர் இதைத்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு முறை தவணை திரும்பும்போதும் வங்கி அபராதம் போடும், கடன் மதிப்பெண் இறங்கும், இரண்டு வருடம் கழித்து நகைக்கடனைத் தவிர வேறு எதுவும் கிடைக்காமல் நிற்பீர்கள். அதற்குப் பதிலாகப் பயிற்சி நிறுவனத்துக்கு எழுதுங்கள்: பயிற்சியிலிருந்து விலகுகிறேன், நடத்தாத வகுப்புகளுக்கான தொகையைக் கடன் நிறுவனத்துக்குத் திருப்பி அனுப்பிக் கடனை முடியுங்கள். அதே கடிதத்தின் நகலைக் கடன் நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். கடன் நிறுவனம் 30 நாளில் சரியான பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். இடையில் வசூல் ஆட்கள் போன் செய்தால், காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அவர்கள் கூப்பிடக்கூடாது என்பதை நினைவில் வையுங்கள்.

பயிற்சி நிறுவனத்தின் மேல் தனியாக நுகர்வோர் வழக்கும் போடலாம். "அரசு அங்கீகாரம் பெற்றது, டி.ஆர்.பி. தேர்விலும் பலன் தரும்" என்று அவர்கள் கொடுத்த நோட்டீஸைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள், அது போதுமான ஆரம்பம். 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது மதுரை நுகர்வோர் ஆணையத்திலேயே, வழக்குத் தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. வழக்குக்கு முன்னால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகாரைப் பதிவு செய்து வையுங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே சமரசத்துக்கு வந்துவிடும்.

'மத்திய அரசு சட்டம்' என்று சொன்னது

அப்படி ஒரு சட்டம் இல்லை. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கையில், ஆசிரியர் ஒவ்வொருவரும் வருடத்துக்குக் குறைந்தது 50 மணி நேரம் தொழில்சார் பயிற்சியில் பங்கேற்க எதிர்பார்க்கப்படுகிறார் என்று ஒரு வரி இருக்கிறது. கொள்கை வேறு, சட்டம் வேறு. அந்த 50 மணி நேரத்தை சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளுக்குக் கட்டாயமாக்கியிருக்கிறது. அங்கேயும் பாதியை வாரியம் அல்லது அரசுப் பயிற்சி நிறுவனங்கள் மூலமும் மீதியைப் பள்ளிக்குள்ளேயோ பக்கத்துப் பள்ளிகளோடு சேர்ந்தோவும் முடிக்கலாம் என்றுதான் ஏற்பாடு. தனியார் கம்பெனியிடம் 18,000 ரூபாய்க்கு வாங்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. உங்கள் பள்ளி மாநில வாரியப் பள்ளி, தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்கவே இல்லை, 2025 ஆகஸ்டில் தனக்கென்று மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டுவிட்டது.

அதற்காக நிர்வாகம் பயிற்சியே கேட்கக்கூடாது என்று அர்த்தம் இல்லை. வேலைக்கு வைத்திருப்பவர் பயிற்சி எடுக்கச் சொல்லலாம், அது நியாயமும்கூட. ஆனால் தான் கேட்கிற பயிற்சிக்கு ஆகும் செலவை ஆசிரியர் தலையில், அதுவும் ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கூடுதலாக, சம்மதம் கேட்காமல் கட்டுவதற்கு ஆதாரமான விதி எதுவும் என் கண்ணில் படவில்லை. இரவு 8 முதல் 10 வரை என்பதைப் பற்றி நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: வேலை நேரம் முடிந்தபின் போனை அணைத்துவைக்கும் உரிமை என்று நம் நாட்டில் இன்னும் சட்டம் வரவில்லை, அதை வைத்து மட்டும் சண்டை போட முடியாது.

பாண்டுப் பத்திரம்

உங்கள் சக ஆசிரியர் "பாண்டு எல்லாம் கோர்ட்டில் செல்லாது, தைரியமா கையெழுத்துப் போடுங்க" என்றாராம். தயவுசெய்து அதை நம்பவேண்டாம். 2025 மே மாதம், ஒரு பொதுத்துறை வங்கி அதிகாரி மூன்று வருடம் முடியாமல் விலகினால் 2 லட்சம் கட்டவேண்டும் என்ற பாண்டை உச்ச நீதிமன்றம் செல்லும் என்றே சொன்னது.

ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஒப்பந்தச் சட்டம் 74-ம் பிரிவின்படி, பத்திரத்தில் 50,000 என்று எழுதியிருந்தாலும் நீதிமன்றம் கொடுப்பது நியாயமான இழப்பீடு மட்டும்தான், எழுதிய தொகை அதன் உச்சவரம்பு. பயிற்சிக்குப் பணம் கட்டியது யார்? நீங்கள். பள்ளிக்கு என்ன நஷ்டம்? இந்தக் கேள்விக்கு நிர்வாகத்தின் வக்கீலால் சுலபமாகப் பதில் சொல்ல முடியாது.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பது நல்ல செய்தி. "படித்துப் பார்க்கவேண்டும், நகல் கொடுங்கள்" என்று கேளுங்கள். நகல் தராத பத்திரத்தில் கையெழுத்துப் போடவே கூடாது. போட்டே ஆகவேண்டிய கட்டாயம் வந்தால், கையெழுத்துக்கு மேலே "பயிற்சிக் கட்டணம் 18,000 ரூபாயை நானே செலுத்துகிறேன்" என்று உங்கள் கைப்பட எழுதி, தேதி போட்டு, அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பீரோவில் இருக்கும் சான்றிதழ்கள்

சான்றிதழ் என்பது சரிபார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கவேண்டியது, ஈடாக வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல. கல்விச் சான்றிதழின் மேல் யாரும் பிடிமானம் (பாக்கிக்கு ஈடாகப் பிடித்துவைக்கும் உரிமை) கோர முடியாது என்று சென்னை உயர்நீதிமன்றம் ஒரு தடவை அல்ல, பல தடவை சொல்லியிருக்கிறது. ஆனாலும் நம் பக்கம் எத்தனையோ பள்ளி பீரோக்களில் அவை உறங்கிக்கொண்டிருக்கின்றன, ஏனென்றால் எழுத்தில் யாரும் கேட்பதில்லை.

கேளுங்கள். காரணம்கூடப் போடலாம்: போட்டித் தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கிறது. நேரில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள், வாங்க மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள் (பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது, கவுண்டரில் குழம்பவேண்டாம்). பதினைந்து நாளில் வராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலருக்கு, தனியார் பள்ளிகளுக்கென்று இருப்பவருக்கு, மனு கொடுக்கலாம். தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2018-ல் இயற்றப்பட்டு, விதிகளோடு 2023-ல் நடைமுறைக்கு வந்திருக்கிறது, இந்த அலுவலகத்துக்குப் பதில் சொல்லவேண்டிய இடத்தில்தான் உங்கள் நிர்வாகம் இருக்கிறது. மனு மேல் நடவடிக்கை இல்லை என்றால், அதன் மேல் முடிவெடுக்க உத்தரவிடக் கோரி ஒத்தக்கடைப் பக்கம் இருக்கும் உயர்நீதிமன்றக் கிளைக்கு வரலாம்.

லேபர் கோர்ட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது உங்களுக்கு வழி இல்லை. ஆசிரியர் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வரமாட்டார் என்று 1988-லேயே உச்ச நீதிமன்றம் கோவா வழக்கு ஒன்றில் சொல்லிவிட்டது.

ராஜினாமா? இப்போது வேண்டாம். "டீச்சர்களுக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) கிடையாது" என்று எழுதியிருக்கிறீர்கள், அது பழைய கதை. தனியார் பள்ளி ஆசிரியருக்கும் ஐந்து வருடம் முடிந்தால் பணிக்கொடை உண்டு, 2022-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்ற கணக்கில், உங்கள் 16,500 முழுவதும் அடிப்படைச் சம்பளமாக இருந்தால் ஆறு வருடத்துக்குச் சுமார் 57,000 ரூபாய் வரும். கோபத்தில் எழுதிக் கொடுக்கும் கடிதத்தில் "எனக்கு எந்த பாக்கியும் இல்லை" என்று ஒரு வரியை ஆபீசில் சேர்க்கச் சொல்வார்கள், அந்த வரி பிற்பாடு பெரிய தலைவலி. எதிர்த்துக் கேட்டால் என்ன ஆகும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. வெளிப்படையாக எதுவும் செய்யமாட்டார்கள், மே மாதத்தில் "அடுத்த வருஷம் பொருளாதாரக் குரூப்பையே மூடப் போறோம்" என்பார்கள். அதனால்தான் தனியாக எழுதாதீர்கள், இதே தவணையைக் கட்டிக்கொண்டிருக்கும் மூன்று நான்கு பேராவது சேர்ந்து ஒரே கடிதமாகக் கொடுங்கள் என்கிறேன்.

சரி, நிஜமாகவே படிக்க ஆசைப்பட்டால்

கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி, "12-ம் வகுப்புக் கடைசிப் பாடத்தை நடத்தும்போது கை நடுங்குகிறது" என்பது. புள்ளியியல் முறைகளும் பொருளாதார அளவையியலும் (எக்கனாமெட்ரிக்ஸ்) வரும் பாடம். என்னிடம் வழக்குக்காக வரும் பொருளாதார ஆசிரியர்கள் நிறையப் பேர் இதையேதான் சொல்கிறார்கள். 2019-ல் புத்தகம் மாறியபோது அந்தப் பாடம் வந்தது, அதற்கு முன்னால் எம்.ஏ. முடித்தவர்களில் பலர் ஒட்டுறவுப் போக்கைக் கையால் கணக்குப் போட்டே பல வருடம் ஆகியிருக்கும். நீங்கள் 2013-ல் முடித்தவர், சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலையில்தான் வந்தது, ரிசர்வ் வங்கியின் பணக்கொள்கைக் குழு 2016-ல். புத்தகம் அச்சான பிறகும் மாற்றம் நிற்கவில்லை, 2025 செப்டம்பரில் அந்த வரியின் விகிதங்களே மாறிவிட்டன. உங்களுக்கு வேண்டிய பயிற்சி இங்கே இருக்கிறது, ஸ்லைடு அழகாகப் போடுவதில் இல்லை.

இதற்குப் பணம் தேவையில்லை. மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் பாடங்கள் இலவசம், தேர்வெழுதிச் சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம், ஐ.ஐ.டி.கள் வழங்கும் என்.பி.டி.இ.எல். பாடங்களுக்கு அது ஆயிரம் ரூபாய் அளவில் இருந்துவருகிறது. அங்கே 11, 12 பொருளாதாரத்துக்கு என்.சி.இ.ஆர்.டி. பாடங்களும், புள்ளியியலுக்கும் பொருளாதார அளவையியலுக்கும் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வகுப்புகளும் இருக்கின்றன. பெரும்பாலும் ஆங்கிலம், அதுவும் கொஞ்சம் வேகமான ஆங்கிலம், எனவே முதலில் 11-ம் வகுப்பு அளவிலேயே ஆரம்பியுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. தீக்ஷா தளத்தில் ஆசிரியர்களுக்கான நிஷ்டா பயிற்சிகள் இருக்கின்றன, ஆனால் அவற்றில் பொதுவான கற்பித்தல் விஷயங்கள் அதிகம், உங்கள் கை நடுக்கத்துக்கு அது மருந்தாகாது. ரிசர்வ் வங்கி, செபி உள்ளிட்ட நான்கு ஒழுங்குமுறை அமைப்புகள் சேர்ந்து உருவாக்கிய தேசிய நிதிக்கல்வி மையம் ஆசிரியர்களுக்கும் பயிற்சி நடத்துகிறது. 9-ம் வகுப்பில் பணமும் கடனும் பாடம் எடுப்பவருக்கு அது நேரடியாக உதவும், மேலே முதல் தலைப்பில் சொன்ன விவகாரத்துக்கும்தான்.

இந்தப் பட்டியலை வைத்தே நிர்வாகத்திடம் பேசலாம். "பயிற்சி எடுக்க நான் தயார், என் பாடத்துக்குப் பொருத்தமான இந்த அரசுத் தளப் பாடங்களை முடித்துச் சான்றிதழ் தருகிறேன், 50 மணி நேரத்துக்கு இதை ஏற்றுக்கொள்ளுங்கள்" என்று எழுதிக் கொடுத்தால், பயிற்சிக்கு மறுத்தார் என்று உங்கள் மேல் பழி போட முடியாது. தாளாளரைவிட முதல்வர் இதைச் சீக்கிரம் ஏற்பார் என்று நினைக்கிறேன், அவரும் அந்த இரவு வகுப்பில் உட்காருகிறார் என்கிறீர்களே.

டி.ஆர்.பி. விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். முதுகலை ஆசிரியர் தேர்வில் இந்தச் சான்றிதழுக்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. 150 கேள்வியில் 110 உங்கள் பாடம்தான், 30 கல்வியியல், 10 பொது அறிவு, கூடவே தமிழ்த் தகுதித் தேர்வு. "ஆன்லைனில் எம்.ஏ. வரலாறு போட்டால் பட்டதாரி ஆசிரியர் பணிக்கும் போகலாமா" என்று கேட்டிருக்கிறீர்கள். பொருளாதாரம் படித்தவருக்குப் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் இல்லை என்ற உங்கள் வருத்தம் நியாயமானது, சமூக அறிவியலுக்கு வரலாறும் புவியியலும்தான் எடுக்கிறார்கள். ஆனால் அங்கே பார்ப்பது இளங்கலைப் பட்டத்தை, எம்.ஏ.வை மேலே வைத்தால் அந்தக் கதவு திறக்காது. கட்டணம் கட்டும் முன் கடைசியாக வந்த அறிவிக்கையில் கல்வித் தகுதி என்ற பகுதியை முழுதாகப் படியுங்கள். ஆசிரியர் தகுதித் தேர்வில் (டெட்) தேறியே ஆகவேண்டும் என்ற உச்ச நீதிமன்றத்தின் 2025 செப்டம்பர் 1 தீர்ப்பு, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை எடுப்பவர்களுக்கு உரியது. 9-க்கு மேல் எடுக்கும் உங்களைத் தொடாது, ஆனால் ஆள் இல்லை என்று 8-ம் வகுப்பைத் தலையில் கட்ட வந்தால் யோசித்துத் தலையாட்டுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று கவலைப்படவேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச வக்கீல் பெறப் பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அலுவலகம் இருக்கிறது, 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம். போகும்போது வங்கிக் கணக்கு அறிக்கை, பயிற்சி நிறுவனத்தின் நோட்டீஸ், பணி நியமனக் கடிதம், பள்ளி வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்திகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். குழுவிலிருந்து கோபித்துக்கொண்டு வெளியேறிவிடாதீர்கள், எதையும் அழிக்காதீர்கள், போனை மாற்றுவதாக இருந்தால் பழைய போனையும் பத்திரமாக வையுங்கள். அப்புறம், இந்தக் கடிதத்தை எனக்குப் பள்ளி கொடுத்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து அனுப்பியிருக்கிறீர்கள். அதைத் திறந்து பார்க்க நிர்வாகத்தால் முடியும். இனிமேல் எனக்கும் சரி, கடன் நிறுவனத்துக்கும் சரி, உங்கள் சொந்த முகவரியிலிருந்தே எழுதுங்கள்.